தையல் வகுப்பு மாடியறை

மனநல மருத்துவப் பிரிவில் சமூகப் பணியாளனாக முப்பது வருஷ காலம் உத்தியோகம் பார்த்தவன் நான். அந்த உத்தியோகத்தில் இருப்பவனுக்கு மருந்து எழுதும் அதிகாரம் கிடையாது. நோயாளியோடு கூட வந்து, வராந்தா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயையோ தகப்பனையோ அருகில் அழைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வருமானம் என்ன, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பன போன்ற விஷயங்களைக் கேட்டு, கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாறு என்ற தலைப்பின் கீழ் எழுதி வைப்பதும், வேண்டியபோது வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவதும்தான் அவனுடைய தொழில். வைத்தியர் நோயாளியைப் பார்க்கிறார். கூட வந்தவரைப் பார்ப்பது எங்கள் பொறுப்பு. நான் செய்தவற்றுள் மிகப் பெரிய தவறு, அப்படிக் கூட வந்த ஒருவர் விஷயத்தில்தான் நேர்ந்தது.

1994-ம் வருஷம், ஆடி மாதம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி, பதினான்கு வயதுள்ள தம் மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பையனுடைய நகங்களில் மருதாணிச் சிவப்பைப் பிளேடால் சுரண்டிய அடையாளம் இருந்தது. நடையும் பேச்சும் சரியில்லை, அக்காளின் தாவணியை எடுத்து உடுத்துகிறான், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் துரத்துகிறார்கள் என்பது அவர் கொண்டுவந்த முறையீடு. கூட்டம் மிகுந்த நாள். வைத்தியர் சிறிது நேரம் பேசிப் பார்த்துவிட்டு, பெற்றவருக்கு எடுத்துச் சொல்லும்படி என்னிடம் அனுப்பிவிட்டார். நானும் எடுத்துச் சொன்னேன். அக்காள்மாரோடு சேர விடாதீர்கள், தலைமுடியை ஒட்ட வெட்டுங்கள், கபடிக்கு அனுப்புங்கள், கண்டிப்பாக இருங்கள், இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று, ஐயம் சிறிதும் இல்லாதவனைப் போல நாற்பது நிமிஷம் பேசினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் நான் சொன்னவற்றை எழுதித் தரும்படி கேட்டார், எழுதிக் கொடுத்தேன். பையனோடு நான் பேசியது ஐந்து நிமிஷம் இருக்கலாம். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கம்மாவ ஏன் கூட்டிட்டு வரலைன்னு எங்கப்பாகிட்டக் கேட்டீங்களா சார்?" நான் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. அம்மன் கோயில் பங்குனித் திருவிழா இரவன்று பையன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்றும், பம்பாய்க்குப் போயிருக்கலாம் என்று சிலர் சொல்லுகிறார்கள் என்றும், மேற்கொண்டு தாம் செய்ய வேண்டியது என்ன என்றும் அந்தத் தகப்பனார் எழுதியிருந்தார். போலீஸில் மனுக் கொடுக்கும்படி பதில் எழுதிவிட்டு, கடிதத்தைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் கட்டி வைத்தேன்.

அக்காலத்தில் எங்கள் சாஸ்திரமே அப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அப்பொழுது வழக்குக்கு வந்திருந்த பத்தாம் பதிப்பு, இத்தகைய குழந்தைகளின் நிலையை மனக்கோளாறுகளின் வரிசையிலேயே வைத்திருந்தது. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில்தான் அது மனநோய் அத்தியாயத்திலிருந்தே நீக்கப்பட்டது. மாற்றுகிறோம் என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகள் தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்ததும் அதே 2022-ல்தான். ஆயினும், புத்தகம் தவறாக இருந்தது என் குற்றத்தில் பாதிதான் என்பது நெடுநாள் சென்றபின் எனக்கு விளங்கிற்று. மகனைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க முடியாத ஒரு மனிதருக்கு நான் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தேனேயன்றி, பேசுவதற்கு ஓர் ஆளைக் கொடுக்கவில்லை. அவர் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டே பஸ் ஏறிப் போனார். இறக்கி வைக்க வேறு இடம் அகப்படாதபோது, பெற்றவர்கள் அதைப் பிள்ளையின் தலைமேல்தான் இறக்குகிறார்கள்.

அந்தப் பாரத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை வெளியிலிருப்பவர்கள் சரியாக அறிவதில்லை. வெட்கம் இருக்கிறது என்பார்கள், இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்ற ஒரு வாக்கியம் இல்லாமல் எந்தப் பெற்றவரும் என்னிடம் பேச்சை முடித்ததில்லை. ஆனால் அதற்கும் கீழே, நான் வயிற்றில் சுமந்தபோது என்ன செய்தேன் என்று தாய் தன்னையே விசாரித்துக்கொள்ளும் விசாரணை இருக்கிறது. வளர்ப்புச் சரியில்லை என்று மாமியாரும் நாத்தனாரும் சொல்லும் சொல் இருக்கிறது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளுக்கு இனிமேல் யார் பெண் கொடுப்பார்கள், யார் பெண் எடுப்பார்கள் என்ற கணக்கு இருக்கிறது. நாங்கள் கண்ணை மூடிய பிறகு இந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள் என்ற பயம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துக்கம். ஆள் கண்முன்னே இருக்கும்போதே இழந்துவிட்டதைப்போல உண்டாகும் இத்தகைய துயரத்துக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் கொடுத்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை. காணாமற்போனவர்களின் குடும்பங்களையும் மறதிநோயாளிகளின் குடும்பங்களையும் ஆராய்ந்து அவர் சொன்னதை, பிற்பாடு வந்தவர்கள் இந்தப் பெற்றோரிடத்திலும் கண்டார்கள். நான் சாகவில்லையே, பிறகு ஏன் எனக்காக அழுகிறீர்கள் என்று பிள்ளைகள் கோபிப்பதும் நியாயந்தான். அதனால்தான் அந்த அழுகைக்குப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டாத வேறோர் இடம் வேண்டியிருக்கிறது. குழந்தையின் முன்னால் அழாதீர்கள் என்று உபதேசம் செய்வது சுலபம். எங்கே போய் அழுவது என்று அவர்கள் கேட்டால் பதில் வேண்டுமல்லவா?

அந்தப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது, 2008 ஏப்ரல் 15-ந் தேதி தமிழ்நாட்டில் நல வாரியம் ஏற்பட்டது. அரவாணிகள் நல வாரியம் என்றுதான் அப்போது பெயர். திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் பிற்பாடே எல்லோர் வாயிலும் படிந்தன. அட்டை, உதவித்தொகை, தொழிற்கடன் என்று அநேகக் காரியங்கள் தொடங்கின. அனைத்தும் வீட்டைவிட்டு வந்துவிட்டவர்களுக்காக. வீட்டைவிட்டு வராமலே இருக்க என்ன செய்வது என்ற கேள்வி மாத்திரம் மிச்சமாக இருந்தது. 2009-ல், என் உத்தியோகத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பெற்றவர்களை மட்டும் கூட்டுவது என்று தீர்மானித்தேன்.

இடம் கிடைப்பது கஷ்டமாயிருந்தது. மனநோய் என்ற பெயர் ஒட்டிக்கொண்ட எந்தக் கட்டிடத்துக்கும் அவர்கள் வரமாட்டார்கள். கோயில் மண்டபத்தில் சொந்தக்காரர்கள் எதிர்ப்படுவார்கள். கடைசியில், மதுரையில் மேலமாசி வீதிக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில், தெரிந்த அம்மையார் ஒருவர் நடத்திவந்த தையல் வகுப்பின் மாடியறை கிடைத்தது. மகளிர் தையல் பயிற்சி என்று கீழே போர்டு தொங்கிற்று. எங்கே கிளம்பினாய் என்று வீட்டில் கேட்டால் தையல் வகுப்புக்கு என்று ஒரு தாய் சொல்லலாம். அந்த ஒரு சௌகரியம், நான் படித்த படிப்பைக் காட்டிலும் அதிகப் பிரயோஜனமாக இருந்தது. உறை போட்டு மூடிய பதினோரு தையல் மெஷின்களைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் ஜமுக்காளம் விரிப்போம். ஜன்னலருகில் வெட்டுத் துணிகள் குவிந்து கிடக்கும். பேச முடியாமல் தவிக்கும் தாய்மார்கள் அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருப்பார்கள்.

முதல் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது, பழைய கேஸ் ஷீட்டில் இருந்த விலாசத்தைத் தேடி அந்தக் கிராமத்துக்குப் போனேன். தகப்பனார் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக்காரரிடம் அப்படியெல்லாம் சொன்னவன் நான்தான் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். பிறகு நெடுநேரம் கழித்து, "அதுக்கப்புறம் அவரு வீட்ல யார்கிட்டயும் பேச்சு வச்சுக்கல. சாகுற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டச் சட்டைப்பையில வச்சிருந்தாரு" என்றார். அடுத்த ஞாயிறு அவர் வந்தார். அவரோடு சேர்த்து அன்றைக்கு வந்தவர்கள் நான்கு பேர்.

முதல் நாளே நான் ஒரு தவறு செய்தேன். பாலினம் என்றால் என்ன, அது எங்ஙனம் உண்டாகிறது என்பதைச் சித்திரம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். அரைமணி நேரம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், என் பக்கம் பாராமலே, அருகிலிருந்தவரைப் பார்த்து, "நீங்க எத்தனை நாளா அழுதீங்க?" என்று கேட்டார். "ஆறு மாசம். இப்பவும் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனா வந்துரும். ஜவுளிக்கடையில அந்தப் பக்கம் போறதா இந்தப் பக்கம் போறதான்னு மாடிப்படியிலயே நின்னுருவேன்" என்றார் மற்றவர். "நானும் அந்தப் படியிலதாங்க நின்னேன்" என்றார் கேட்டவர். நான் சித்திரத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். அன்று முதல் அந்த அறையில் என் வேலை, கதவைத் திறந்து வைப்பதும், ஒருவர் மற்றவருக்கு உபதேசம் செய்யத் தொடங்கினால் தடுப்பதும், கேட்ட விஷயம் படி இறங்கிப் போகாது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பூட்டுவதும், கேட்டால் மாத்திரம் தெரிந்ததைச் சொல்வதும்தான்.

தகப்பனார்களின் விஷயம் வேறு. மனைவியை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரிலுள்ள டீக்கடையில் நின்றுகொள்ளுவார்கள். ஒருவர் ஏழு மாத காலம் அப்படி நின்றார். மேலே வாருங்கள் என்று அழைத்துப் பயனில்லை என்று கண்டு, நானே கீழே இறங்கிப் போய் அவரோடு டீ குடிக்கத் தொடங்கினேன். விலைவாசியும் மழையும் பேசினோம். நாலாவது மாதம் இன்னொரு தகப்பனார் அங்கே வந்து நின்றார். இருவரும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் மூன்று ஞாயிறுகள் ஒருவரை ஒருவர் பாராதவர்கள் போலவே இருந்தார்கள். நாலாம் ஞாயிறன்று, "உங்களுக்கு எத்தனாவது பிள்ளை?" என்று ஏழு மாதக்காரர் கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கிய சம்பாஷணை இருட்டும்வரை நீண்டது. அவர்களுடைய மனைவிமார் கீழே இறங்கி வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் பெண்கள், டீக்கடைக்கு ஆண்கள் என்று அது தானாகவே ஒரு முறையாயிற்று. மேலே நடந்ததைக் காட்டிலும் கீழே நடந்தது குறைந்ததென்று நான் நினைக்கவில்லை.

அந்த அறையில் நான் கூர்ந்து கவனிக்கக் கற்றுக்கொண்டது, பெற்றவர்கள் பிள்ளையைச் சுட்டும் சொல்லை. அவன் என்றும் சொல்ல முடியாமல், அவள் என்றும் சொல்ல நா எழாமல் இருப்பவர்களுக்குத் தமிழ் ஒரு நிழலை வைத்திருக்கிறது: "பிள்ளை சாப்பிட்டுச்சு," "பிள்ளை தூங்குது." குழந்தையைக் கொஞ்சும் அந்த வழக்கிலேயே வருஷக்கணக்காகத் தங்கிவிட்டவர்கள் உண்டு. பதினேழு வயதுப் பிள்ளையை இன்னும் அப்படிச் சொல்லலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தபோது, தமிழாசிரியையாக இருந்த ஒரு தாய், தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே, ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவரைப் பற்றிச் சொல்லும்போது அவரை உயர்திணையில் வைத்தாரேயன்றி அஃறிணையில் சேர்க்கவில்லை என்பதை எடுத்துக் காட்டினார். இருபத்திரண்டு வருஷமாக அந்த இலக்கணத்தை வகுப்பில் நடத்தியவர் அவர். என் வீட்டுக்கு வரும்வரை அந்தச் சூத்திரத்துக்கு அர்த்தம் தெரியவில்லை என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. என் அபிப்பிராயம், பிள்ளை என்ற சொல் ஒரு சத்திரம், வழியில் தங்கலாம். தங்கியிருப்பவர்களை நாம் விரட்டவும் கூடாது.

திருநம்பிகளின் பெற்றோருக்கு நேரும் சங்கடங்களை ஜனங்கள் அதிகம் பேசுவதில்லை. பெண்ணென்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆண் என்று உறுதியாகச் சொல்லிவந்த ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உடம்பு தன் போக்கில் பூப்படைந்துவிட்டது. தகப்பனார் மண்டபம் பேசி, படம் போட்ட பத்திரிகை ஐந்நூறு அச்சடித்துவிட்டார். இது அவருடைய பிடிவாதம் மட்டுமன்று. இருபது வருஷமாக ஊரார் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர் செய்த மொய் திரும்பி வர வேண்டிய சந்தர்ப்பம் அது. அதை நம்பி வாங்கிய கடன் இருந்தது. பிள்ளையோ அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இரவு பதினொரு மணிக்கு அந்தத் தாய் கூப்பிட்டது என்னை அல்ல. மாடியறையில் அறிமுகமான இன்னொரு தாயை. அவர் விடிவதற்குள் பஸ் ஏறிப் போய், தகப்பனாரோடு வாதாடாமல், பிள்ளையின் தாய்மாமனைத் தேடிப் பிடித்தார். சீர் கொண்டுவர வேண்டியவன் அவன். அவனில்லாமல் சடங்கு இல்லை. லாரி ஓட்டும் மனிதன். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, தாழ்ப்பாள் திறக்கும்வரை அரை நாள் பேசாமல் இருந்தானாம். அதே வாரம் தூரத்து ஊரில் பங்காளி ஒருவர் வயது முதிர்ந்து இறந்திருந்தார். யாரும் பொருட்படுத்தியிராத அந்தத் துக்கத்தை எடுத்துக் காட்டி, தீட்டு இருக்கும்போது சுப காரியம் கூடாது என்று தாய்மாமன் நிறுத்திவைத்தான். அது பிறகு நடக்கவேயில்லை. கடனைத் தகப்பனார் நாலு வருஷத்தில் அடைத்தார். உண்மையை நேராகச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும் என்று படித்தவர்கள் சிலர் பின்னால் என்னிடம் குறைபட்டார்கள். உறவுக்குள் இருந்துகொண்டே ஒரு குடும்பம் மூச்சு விடுவதற்கு, உறவின் சம்பிரதாயத்திலிருந்தே ஒரு வழி எடுத்துக் கொடுத்தான் அந்த மனிதன். என் தொழிலில் அதைவிடச் சிறந்த வேலையை நான் கண்டதில்லை.

ஆதாரம் கேட்பவர்களும் வருவார்கள். பாங்கியில் கணக்கராக இருந்த ஒரு தகப்பனார், பிள்ளை சொல்வதை ஏற்றுக்கொண்டால் நன்மை என்பதற்குக் கணக்கு இருக்கிறதா சார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. சான் பிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயன் என்ற சமூகப் பணி அறிஞரின் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வீட்டாரால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களைக் காட்டிலும் எட்டு மடங்குக்கு மேல் அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்ததைக் கண்டார்கள். அது ஒருபால் ஈர்ப்புள்ள இளைஞர்களைப் பற்றியது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். 2016-ல் கிறிஸ்டினா ஓல்ஸன் குழுவினர், வீட்டாரின் ஆதரவோடு தாம் விரும்பிய பாலினத்தில் வாழ்ந்துவந்த 73 குழந்தைகளைப் பார்த்ததில், மனச்சோர்வு மற்றக் குழந்தைகளின் அளவிலேயே இருந்தது. பதற்றம் மாத்திரம் சற்று மிகுந்திருந்தது. அந்தத் தகப்பனார் இந்த எண்களைச் சிறு டைரியில் குறித்துக்கொண்டு, எட்டு மடங்கு என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

பெற்றவர்கள் கூடுவது எங்கள் கண்டுபிடிப்பும் அன்று. 1972-ல், தன்பாலின உரிமைக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போன மகன் அடிபட்டதைப் பொறாத ஜீன் மான்போர்டு என்ற பள்ளி ஆசிரியை, நியூயார்க் ஊர்வலத்தில் கையில் அட்டையோடு அவனுடன் நடந்தார். வழியெங்கும் இளைஞர்கள் அவரிடம் ஓடிவந்து, எங்கள் பெற்றோரிடமும் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் 1973 மார்ச் 11-ந் தேதி ஒரு தேவாலயத்தில் ஏறக்குறைய இருபது பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த சங்கம் 1998-ல் திருநர்களின் பெற்றோரையும் தன் நோக்கத்தில் சேர்த்துக்கொண்டது. நம் தேசத்தில் 2017-ல் பம்பாயில் ஸ்வீகார் என்ற பெற்றோர் குழு தோன்றியது. ஸ்வீகாரம் என்றால் மகவாக ஏற்றுக்கொள்வது என்ற பழைய வழக்கு நம்மிடமும் உண்டு. பெற்ற பிள்ளையையே மறுபடியும் ஸ்வீகாரம் செய்துகொள்ளும் அந்தப் பெயர் எங்கள் தாய்மார்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறேன், ஏனெனில் மாடியறையில் அதற்குச் சுருக்கமான இடமே இருந்தது. திருநர் உரிமைகளுக்கான 2019-ம் வருஷத்துச் சட்டத்தின் 12-வது பிரிவு, திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும், நீதிமன்ற உத்தரவின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. எங்களுக்குள் அதிகமாகப் பேசப்பட்டது 2021 ஜூன் 7-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. சேர்ந்து வாழ்வதற்காக மதுரையிலிருந்து சென்ற இரண்டு பெண்களின் வழக்கு அது. அவர்களுடைய பெற்றோரை ஆலோசனைக்கு அனுப்பியதோடு நில்லாமல், தமக்கும் இந்த விஷயத்தில் அறிவு போதாது என்று தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று கேட்டறிந்தார் நீதிபதி. அதை உத்தரவிலேயே எழுதினார். பத்திரிகையில் வாசித்துவிட்டு வந்த ஏழு மாதத் தகப்பனார், "ஹைகோர்ட் ஜட்ஜே போய் உட்கார்ந்து கேட்டிருக்காரு சார், நான் டீக்கடையில நின்னது தப்பில்ல" என்றார். பள்ளிக்கூடங்களின் நிலைமைதான் வேதனை. இத்தகைய குழந்தைகளை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழு 2021-ல் வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் உடனே விலக்கிக்கொள்ளப்பட்டது. கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளையின் தாய்க்குக் கையேடு வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே ஒரு தாய் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது இன்னொரு தாய் துணைக்குப் போவது என்று ஏற்படுத்திக்கொண்டோம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வழியில் போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாவணி உடுத்திப் பார்க்கிற பையன் எல்லோரும் திருநங்கையாவதில்லை. அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் வட்டாரத்து வைத்தியர்கள் பதினெட்டு வயதுக்கு முன்னால் அறுவை சிகிச்சை என்ற பேச்சையே எடுப்பதில்லை. அதுவரை கேட்கப்படுவதெல்லாம் ஒரு பெயர், ஓர் உடை, தலைமுடியின் நீளம், அடிக்காத கை. ஒரே ஒரு முறை வந்து, கடைசிவரை வாசலை ஒட்டியே உட்கார்ந்திருந்து, பிறகு வராமலே போன ஒரு தம்பதியை நினைக்கும்போது, இவ்வளவு சொற்பந்தான் என்பதை அன்றைக்கே அவர்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்ளுகிறது.

வீட்டைவிட்டுப் போய்த் திருநங்கைகளின் ஜமாத்தில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளின் தாய்மார்களுக்கு வேறொரு வியாகூலம். அங்கே வயது முதிர்ந்த திருநங்கை ஒருவர் தாயாக இருந்து மகளாகத் தத்தெடுத்துக்கொள்ளுகிறார். பெற்றவளுக்கு அதைக் கேட்டால் வயிறு எரிகிறது. ஒரு தாயை நான் அப்படியொரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். மூன்று வருஷமாக மகளைப் பாராதவர். முறுக்குத் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஐம்பது வயதுத் திருநங்கை ஒருவர் எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்து, "அக்கா, உள்ள வாங்க. அவ வேலைக்குப் போயிருக்கா, வந்துருவா. போன மாசம் காய்ச்சல்ல கெடந்தா. ராத்திரி பூரா அம்மா அம்மான்னு கூப்பிட்டா. நான்தான் ஓடி ஓடிப் போனேன். என்னையக் கூப்பிடல, உங்களத்தான் கூப்பிட்டாக்கா" என்றார். இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் திருநங்கை அம்மையார் அதன்பின் மாடியறைக்கு மூன்று முறை வந்தார். பெற்றவர்கள் மட்டும் என்ற எங்கள் விதியில் அவரை எந்த இடத்தில் வைப்பது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கூட்டத்துக்கு ஒரு பதிவேடு உண்டு. இருநூறு பக்க நோட்டு, இப்பொழுது நாலாவது நோட்டு நடக்கிறது. தேதி, வந்தவர் கையெழுத்து, பிள்ளையின் பெயர் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் பிள்ளை எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறதோ அந்தப் பெயரை எழுத வேண்டும். எழுத முடியாதவர்கள் காலியாக விட்டுவிடலாம். மாதக்கணக்கில் காலியாக இருந்து ஒரு நாள் நிரம்பும் கட்டங்கள் உண்டு; பழைய பெயரை எழுதி, அடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் புதுப் பெயரை எழுதிய கட்டங்கள் உண்டு.

சிவகங்கைப் பக்கத்து அம்மாள் இன்னும் வருகிறார். பார்வை மங்கிவிட்டது, படியேறும்போது யாராவது ஒருவர் கை கொடுக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நோட்டை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். மூன்றாவது கட்டத்தை ஒருபோதும் நிரப்பியதில்லை. ஒரு தடவை, புதிதாக வந்த பெண் ஒருத்தி, நீங்கள் பேர் எழுத மறந்துவிட்டீர்களே என்று பேனாவை நீட்டினாள். "மறக்கலம்மா. அவ இப்ப என்ன பேரு வச்சிருக்காளோ, எனக்குத் தெரியாதே" என்று சொல்லி, நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.